பச்சை வந்த பட்டை

இந்தக் காலத்து டாக்டர்கள் மனுசன் முகத்தைப் பார்ப்பதில்லை, மூத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். கால் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி என் மகன் சங்கிலி மூத்திரம் சரியாக இறங்காமல் ஊதிப்போய்க் கிடந்தான். அவனுக்கு வந்த சொட்டு மூத்திரத்தில் நனைத்த சோதனைக் காகிதப் பட்டை பச்சையானதாம்.

"பெரியவரே, பச்சைன்னா கிட்னி தானா தேறிடும். டயாலிசிஸ் மிஷின் சிவப்பு வந்தவங்களுக்குத்தான்," என்றது நர்சம்மா.

"தேறலைன்னா நாளைக்கு எனக்கு உன் பட்டையா கொள்ளி வைக்கும்?"

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரனின் ஊசியைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் சங்கிலி பக்கம் இழுத்தேன். ரத்தம் சுவரில் அடித்தது. அவன் தம்பி குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியால் என் பல்லை உடைத்தான். நான் அவன் காதைக் கடித்துத் துப்பினேன். அதற்குள் கட்டில்காரன் செத்துப்போனான்.

போலீஸ் எனக்கு விலங்கு மாட்டும்போது சங்கிலியின் கட்டிலில் தொங்கிய பையில் மூத்திரம் மளமளவென்று இறங்கியது.

"பட்டை சொன்னபடிதானே ஆச்சு, பாவி," என்று நர்சம்மா அழுதது.

"அடிதடியைப் பாத்த பயத்துல பேஞ்சிருக்கான்," என்று சொல்லிவிட்டுப் போலீசோடு நடந்தேன்.