பிறந்த வீட்டுத் தண்ணீர்

கடலில் பவளம் அற்றுப்போய், வீட்டுத் தொட்டிகளில் மட்டும் வளர்ந்த காலம் அது, கண்ணுகளா. தூத்துக்குடியில் பிரகாசி காலையில் தன் தொட்டியைப் பார்த்து அலறிவிட்டாள். பவளத்தின் சதை அடியிலிருந்து நார்நாராக உரிந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது; தண்ணீர் வழியே தொற்றும் சீக்கு அது. அந்த இனத்தில் இனி மிச்சம், மகள் டெல்பினுக்குக் கல்யாணச் சீராக ஒடித்துக் கொடுத்த கிளை ஒன்றுதான். பதறிப்போய் மதுரையில் இருந்த மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, ஒன் பவளம் நல்லாருக்கா?”

“இல்லம்மா. அடியில சதை உரியுது!”

“என்னட்டி போட்ட அதுல?”

“நான் ஒண்ணும் போடல. போன வாரம் நீதானம்மா ஒந்தொட்டித் தண்ணிய ஒரு கொடம் கொண்டாந்து ஊத்துன? பொறந்த வீட்டுத் தண்ணிக்கு ஏங்கும்னியே!”

பிரகாசி போனோடு திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் அந்தக் குடம், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.