மூலையில் இருவர்

மறுபடியும் தம்பிதான் மூலையிலிருந்து ஹாக்கி பக்கோடு வெளியே வந்தான்.

அண்ணன் பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. துப்பினான். வெள்ளைப் பனித்தளத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

கோச் விசில் ஊதவில்லை. இன்னொரு பக்கை, கறுப்பு ரப்பர் வில்லையை, மட்டையால் மூலைக்குத் தள்ளிவிட்டார்.

"இன்னொரு தடவை."

விதி எளிது. மூலைக்குள் இருவர் போவார்கள். பக்கோடு ஒருவன் வெளியே வருவான். எப்படி வந்தான் என்று கோச் கேட்பதில்லை. இந்தப் பல்கலைக்கழகம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐஸ் ஹாக்கிக் கோப்பையை வென்றது இப்படித்தான்.

சனிக்கிழமை இறுதிப் போட்டி. அணியில் ஓர் இடம்தான் மிச்சம். அது யாருக்கென்று கோச் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியுமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று மூலையைக் காட்டிவிட்டார்.

மற்றவர்கள் நீலக் கோட்டருகே நின்று மட்டைகளால் பனியைத் தட்டினார்கள்.

அண்ணனுக்கு இது கடைசி ஆண்டு. வென்ற மூன்று இறுதிப் போட்டிகளையும் ஆட இடம் கிடைக்காமல், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேலே பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தவன். கோப்பையோடு எடுத்த படங்களில் எல்லாம் ஓரத்தில், வியர்க்காத முகத்தோடு நிற்பான். இந்த முறை அப்பா வேலைக்கு லீவு போட்டிருந்தார். மூத்தவன் இறங்குகிறான் என்று அம்மா மார்க்கம் நகரில் ஒரு தமிழ் வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

தம்பி ஆரூரன் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தம்பிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

தம்பி அவனைவிட நன்றாக ஆடினான் என்பதும் உண்மை.

இருவரும் பாய்ந்தார்கள்.

தோள் தோளோடு மோதியது. முழங்கை விலாவில் இறங்கியது. அவன் மட்டையைத் திருப்பித் தம்பியின் மணிக்கட்டில் அடித்தான், கையுறை முடியும் இடமாகப் பார்த்து. தம்பி முனகினான். பக்கை விடவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு ஸ்கேட்டுகளுக்கும் நடுவே அதை அடைத்து வைத்துக்கொண்டான்.

அவன் மறுபடி அடித்தான். மறுபடியும். தம்பி அசையவில்லை.

பின்வாங்கினான். வேகம் எடுத்தான்.

"விடடா தம்பி."

வாய் தானாகச் சொன்னது. பனியில் இருவரும் தமிழில்தான் பேசுவார்கள். எதிரணிக்குப் புரியாது. கோச்சுக்கும் புரியாது.

தம்பி விட்டான்.

தோள் தளர்ந்தது. மட்டை பனியிலிருந்து மேலே எழுந்தது. பக் மெல்ல வழுக்கிக்கொண்டு அவனை நோக்கி வந்தது. தம்பி தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தான்.

அந்தக் கண்ணில் போட்டி இல்லை. பாவம் பார்க்கும் கண்.

அவன் நின்றிருக்கலாம். ஸ்கேட்டைப் பக்கவாட்டில் ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

நிற்கவில்லை.

முழு உடம்போடும் தம்பியின் முதுகில் போய் விழுந்தான். முழங்கை உயர்ந்து பிடரியில் இறங்கியது. ஹெல்மெட் பலகையில் அடித்த சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது. மேலே கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது.

தம்பி கையை ஊன்றாமல் விழுந்தான்.

மட்டைகளின் சத்தம் நின்றது.

பக் அவனிடம் இருந்தது. அதை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். கோச்சின் காலடிவரை கொண்டுவந்தான். அதற்குப் பிறகே திரும்பிப் பார்த்தான்.

கோச்சும் முதலில் பக்கைத்தான் பார்த்தார். பிறகு விசில் ஊதினார்.

அணியின் மருத்துவ உதவியாளர் சப்பாத்துக் கால்களோடு பனியில் வழுக்கி ஓடிவந்து முழங்காலிட்டாள். தம்பியின் தலையை அசையவிடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. உடைந்த பல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது.

காலை அசைக்கச் சொன்னாள். அசைத்தான். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னான். என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

தம்பியின் கண்கள் அவளைத் தாண்டி அவனைத் தேடின.

"நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள். விட்டனான் அண்ணா."

குரலில் கோபம் இல்லை. சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல் இருந்தது.

என்ன சொல்கிறான் என்று அவள் கேட்டாள். கோச்சும் கேட்டார். எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அந்த அரங்கில் தமிழ் தெரிந்த மூன்றாம் ஆள் இல்லை.

அவன் வாய்க்காப்பை வெளியே எடுத்தான். அதிலும் இரத்தம்.

"ஒன்றும் நினைவில்லையாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவள் நம்பவில்லை போலும். தம்பியின் முகத்தருகே குனிந்து, உண்மையாகவே ஒன்றும் நினைவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் ஊறியதை விழுங்கினான்.

"இல்லை," என்றான் அவளிடம். "ஒன்றும் இல்லை."

கோச்சின் கை அண்ணனின் பிடரியில் வந்து விழுந்தது. ஒருமுறை அழுத்திவிட்டுப் போனது. சனிக்கிழமைக்கு ஆள் முடிவாகிவிட்டது.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தம்பியை அதில் கிடத்திப் பட்டி போட்டார்கள். தூக்குவதற்கு ஓர் ஆள் குறைந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து குனிந்தான்.

விளிம்பில் தம்பியின் கை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை மெல்ல நெஞ்சுக்கு இழுத்து, அண்ணன் பிடிப்பதற்கு இடம் விட்டான்.