சபையில் பிரித்த கீபோர்டு

திவ்யா கீபோர்டின் கட்டையை அழுத்தினாள். சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினாள். வில்லாபுரம் மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

திவ்யாவின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் தங்கப்பாண்டி கொண்டுவந்த சீர் அந்தக் கீபோர்டு. கொட்டாம்பட்டியிலிருந்து வேன் பிடித்து, மேளம் வைத்து, பழத் தட்டுகளுக்கு நடுவே அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகள் அதில்தான் முதல் பாட்டை வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என் கச்சேரி என்று சொல்லிவிட்டார்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேண்ணே" என்றேன்.

"அட ஏன் பாய். சீர்ப் பெட்டிய சபையிலதான் பிரிக்கணும். முன்னாடியே டேப்பக் கிழிச்சா, பழசக் கொண்டாந்துட்டான்னு மச்சான் ஆளுக பேசுவாக. நாந்தான் இவள கீபோர்டு கிளாஸ்ல சேத்துவிட்டேன். இப்ப அம்புட்டுப் பாட்டும் வாசிக்கிறாளாம், அக்கா போன்ல சொல்லுச்சு."

பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன். அவருக்கும் மச்சான் விருமாண்டிக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் வந்த சண்டை. இன்றைக்குத்தான் சீரோடு வந்து இறங்கியிருக்கிறார். ஒரு சொல் தவறினாலும் தட்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மேடையில் பெட்டியைப் பிரித்தார்கள். மாமன் வீட்டார் கீபோர்டுக்கே ஒரு பெரிய மாலையைப் போட்டார்கள். சபையைப் பார்த்த பக்கம் முழுக்கப் பூவாகத் தொங்கியது.

சோதிக்காத ஒரு வயரைக்கூட மேடையேற்றாதவன் நான். ஜுல்பிகர் கச்சேரி செட்டு என்றால் கரகரப்புகூட இருக்காது என்று ஆரப்பாளையம் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பெயர் இப்போது எல்லார் கண்முன்னாலும் போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. பின்னால் எங்கள் ஸ்பீக்கருக்குப் போகும் வயர் மட்டும் கொஞ்சம் கழன்று நின்றது. அழுத்திச் செருகிவிட்டு ஒரு கட்டையைத் தட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டினார்கள்.

என் இடத்துக்குத் திரும்பினேன். திவ்யா விரலை வைத்தாள். மூச்சே இல்லை.

வயரையே மாற்றினேன். நான் தட்டினால் வருகிறது, நகர்ந்தால் போய்விடுகிறது. சாக்கெட் லூஸாக இருக்கும். பெட்டிக்குள் வரும்போதே கோளாறு. இதைத்தானே காலையில் சொன்னேன்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். விருமாண்டியின் பங்காளி ஒருவர், "என்னப்பா, ஊமைச் சீரால்ல இருக்கு" என்று காதுபடவே சொன்னார். தங்கப்பாண்டியின் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

திவ்யாவின் அம்மா முனீஸ்வரி மேடையோரம் வந்து என்னிடம், "விடுங்கண்ணே, அப்புறமாப் பாத்துக்கிரலாம்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். விருமாண்டி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெற்றவர்களுக்கே அக்கறை இல்லை, நான் ஒருத்தன் வேர்த்து வழிந்துகொண்டிருக்கிறேன். எரிச்சல் தாங்கவில்லை.

"நீ வாசி பாப்பா, நான் வயரப் பிடிச்சுக்கிறேன்."

மேசைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மாலைக்குள் கையை விட்டு வயரைத் தேடினேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. மருதாணி போட்ட சின்னக் கை. வயரை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். புதுத் தோடு போட்ட காது சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"சத்தம் வர வேணாம் அங்கிள்" என்றாள், உதடு அசையாமல். "எனக்கு வாசிக்கத் தெரியாது. மாமா சேத்துவிட்ட கிளாஸுன்னு, சண்ட வந்த மறுநாளே அப்பா நிப்பாட்டிட்டாரு. மாமாவுக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மிஷினில் கோளாறு என்றால் மாமனுக்கு அவமானம். உண்மையைச் சொன்னால் அப்பனுக்கு அவமானம். இரண்டில் எது நடந்தாலும் தட்டு திரும்பிவிடும்.

எழுந்து மைக்கை வாங்கினேன்.

"மன்னிச்சுக்கங்க. மாமன் கொண்டாந்தது முதல்தரமான பொருளு. நம்ம செட்டு வயருதான் இதுக்குச் சேரல. முன்னாடியே செக் பண்ணாதது என் தப்பு. பாப்பா இன்னொரு நாள் வாசிக்கும்."

இந்த ஊரில் இனி எத்தனை பேர் இதைச் சொல்லிச் சிரிப்பார்களோ.

தங்கப்பாண்டி எழுந்தார்.

"ஏன் பாய், இதெல்லாம் முன்னாடியே போட்டுப் பாக்க வேணாமா?"

நான் குனிந்து வயரைக் கழற்றினேன்.

விருமாண்டி தலையை நிமிர்த்தினார். மகளைப் பார்த்தார். என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த பழத் தட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

"நீ உக்காரு மாப்ள. இவரு செட்ட நம்பிக் கூப்பிட்டது எங் குத்தம்."

அந்த 'மாப்ள'வைக் கேட்டதும் முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கப்பாண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.