ரீங்காரியின் பிரசவம்

நிறைமாதக் கொசு ரீங்காரி முட்டையிட இடம் தேடி அலைந்து அலுத்துப்போனாள். தொட்டி, குடம், டயர் என்று எல்லாவற்றையும் ஊரார் கவிழ்த்துவைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, தோழன் ஈ வந்து அலறினான். "அக்கா, இன்னைக்குக் கொசு ஒழிப்பு தினமாம்! ஓடிடு!"

வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓட? விழா நடந்த மண்டபத்தின் பின்சுவரிலேயே பதுங்கினாள். உள்ளே அனல் பறக்கும் பேச்சு. முடிந்ததும் எல்லாரும் ரோஸ்மில்க் குடித்துவிட்டு, கப்புகளை ஜன்னல் வழியே வீசினார்கள். சாயங்காலம் மழை கொட்டியது.

மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த ஈயைச் சுற்றி ரீங்காரி தட்டாமாலை ஆடினாள்.

"தம்பி, கப்புக்குக் கப்பு தண்ணீடா! நேத்தே முட்டையிட்டுட்டேன்! என் பிள்ளைங்க பிறந்தநாளை நானே மறந்தாலும், வருஷாவருஷம் ஊரே மேடை போட்டு, மைக் கட்டிக் கொண்டாடிடும்!"