ஒன்பதாவது பல் டாக்டர்

"சத்தியமா சொல்றேன் டாக்டர் அக்கா, ஒரு வார்த்தை பொய்யில்ல. இங்க இருக்கிற இருபத்தெட்டு பேர்ல ஒருத்தர்கூட அனாதை இல்ல!"

வாய்க்குள் பஞ்சும் கண்ணாடியும் இருக்கும்போதே அந்தச் சிறுமி இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டாள். வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் தப்பாக வைக்கவில்லை.

பல் டாக்டர் கையை நிறுத்தினாள். லீவு போட்டு, கடல் தாண்டி, இந்த அனாதை இல்லத்துக்குச் சேவை செய்ய வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. முதல் நாளே அவளுக்குச் சந்தேகம். "ஆ காட்டு" என்று சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள்.

"இந்த வருஷத்துல நீங்க ஒன்பதாவது பல் டாக்டர்" என்றாள் வாயாடி. "தேய்ச்சுத் தேய்ச்சு எங்க பல்லே பாதியாயிடுச்சு. வாராவாரம் ஒரு கோஷ்டி வந்து சுவருக்கு பெயிண்ட் அடிக்கும். அடிச்சு அடிச்சு சுவர் தடிச்சுப்போய், ரூம்ல ரெண்டு கட்டிலுக்கு இடமில்லாம போச்சு. வேணும்னா அளந்து பாருங்க!"

டாக்டர் அளக்கவில்லை. ஆனால் சுவர் நேற்றைவிடக் கொஞ்சம் கிட்டே வந்தது போலத்தான் பட்டது.

"அப்போ உங்க அப்பா, அம்மால்லாம் எங்க?"

"பஸ்ல ஒரு மணி நேரம். பள்ளிக்கூடத்துல சேர்க்கிறோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. அதோ அந்தச் சின்னவளுக்கு அப்பா, அம்மா, போதாக்குறைக்கு ரெண்டு அத்தை. எங்கம்மா லாரி ஓட்டுது. சேத்துல சிக்கின லாரியை ஒத்தைக் கையால தூக்கி ரோட்டுல வச்சுச்சு!"

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் நிர்வாகி அம்மாளின் அறைக்குள் நுழைந்தாள்.

"பெத்தவங்க குத்துக்கல்லு மாதிரி உயிரோட இருக்கும்போது பிள்ளைங்களை அனாதைன்னு நிறுத்தி வேடிக்கை காட்டுறீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"மெதுவா பேசுங்கம்மா. வெளியே பெயிண்ட் அடிக்கிறவங்களுக்குக் கேட்கும்."

"நல்லா கேட்கட்டும்! நேத்து ஒரு பொண்ணு என் மடியில விழுந்து அழுதா. நானும் அழுதேன். அதுவும் நீங்க சொல்லிக்கொடுத்ததுதானா?"

"அவ எல்லார் மடியிலயும் அழுவா" என்றாள் நிர்வாகி அம்மாள் பணிவாக. "ஆனா சோறு, துணி, படிப்பு எதுலயும் நான் குறை வச்சதில்ல."

"அம்மாவைப் பிடுங்கிட்டுச் சோறு போட்டீங்களாக்கும்! சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் பெத்தவங்க கையில இருக்கணும். இல்லேன்னா நேரா போலீஸுக்குத்தான் போவேன்."

நிர்வாகி அம்மாள் ஜன்னல் வழியாக முற்றத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு போனை எடுத்தாள்.

நாலு மணிக்கெல்லாம் வாசல் கொள்ளவில்லை. ஒரு தகப்பன் வந்த வேகத்தில் செருப்பை பஸ்ஸிலேயே விட்டுவிட்டான். சின்னவளை இரண்டு அத்தைகளும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். ஒரு தாய், மகன் வளர்ந்திருந்த வளர்த்தியில் அவனிடமே போய், "என் பையன் எங்கே தம்பி?" என்று கேட்டாள். அவன் "நான்தாம்மா" என்றான்.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஆறு மணிக்கு முற்றம் காலி. பையை மடியில் வைத்துக்கொண்டு வாயாடி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா ரொம்ப தூரத்துலேர்ந்து வரணும் அக்கா. நீங்க கிளம்புங்க."

டாக்டர் நிர்வாகி அம்மாளிடம் பாய்ந்தாள். "இவ அம்மாவுக்கு ஏன் இன்னும் போன் பண்ணல? இவளையாவது வச்சுக்கலாம்னு பார்க்கிறீங்களா?"

நிர்வாகி அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பிறந்த மூணாம் நாள் என் வாசல்ல கிடந்தவம்மா இவ, இவளுக்குன்னு யாரும் கிடையாது. ஒரே ஒரு அனாதைக்காக யாரும் கடல் தாண்டி வரமாட்டாங்கன்னுதான் மத்த இருபத்தேழு பேரையும் கூட்டிட்டு வந்தேன்."