மூடாத கிண்ணம்

நோஹேயா மறுபடியும் மரக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள்.

சேப்பங்கிழங்குக் கூழ் இன்னும் கால்பங்கு இருந்தது. காலையில் ஒரு விரலை விட்டுச் சுழற்றினாலே ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது மூன்று விரலைச் சேர்த்து அள்ளினாலும் வழிந்தது.

எதிரே அவளுடைய அண்ணன் வெண்டல் உட்கார்ந்திருந்தான். லாஸ் வேகஸிலிருந்து வந்தவன், மாலை விமானத்தில் திரும்ப வேண்டும். போன வாரம் ஃபோனில், நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. விஷயம் இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டைச் சுற்றி ஊதாக் கறையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சிறுமி ஹினானோவைப் பெற்றவன் வெண்டல். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தொப்புள் காயாத பிள்ளையைத் தங்கை மடியில் கிடத்திவிட்டு வேலை தேடிப் போனான். ஹவாயின் இந்தக் கவாய் தீவில் இது புதிதில்லை. பிள்ளையைக் கொடுத்தால் கொடுத்ததுதான். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதனாலேயே யாரும் எங்கேயும் போய்ப் பதிந்து வைப்பதுமில்லை.

ஆனால் வெண்டலுக்கு மறுபடி கல்யாணம் ஆகிவிட்டது. புது மனைவி டெனிஸ், ஒரு அறைக்கு மஞ்சள் பூசி ஃபோட்டோ அனுப்பியிருந்தாள். சின்னக் கட்டில், சின்ன மேசை.

அவன் வாய்விட்டுக் கேட்டால் நோஹேயா என்ன சொல்ல முடியும்? பெற்றவன் அவன்.

அவளிடம் இருந்தது இந்தக் கிண்ணம் ஒன்றுதான்.

கூழ்க் கிண்ணம் திறந்திருக்கும்போது வழக்குப் பேசக் கூடாது. தீவின் பழங்கதைப்படி சேப்பங்கிழங்குதான் மூத்தவன். மனிதன் அவனுக்குப் பின் பிறந்த தம்பி. மூத்தவன் நடுவில் இருக்கையில் வீட்டுச் சண்டையை அவிழ்க்கக் கூடாது. எதுவானாலும் மூடி போட்ட பிறகுதான். வெண்டலும் இந்த வீட்டில் அப்படித்தான் வளர்ந்தான்.

மதியத்திலிருந்து அவள் மூடியைத் தொடவில்லை.

கோழி போட்ட கண்ணாடிச் சேமியாவை இரண்டாம் முறை சூடாக்கினாள். பக்கத்து வீட்டுக் கொரியக்காரம்மா கொடுத்த கிம்ச்சி ஊறுகாயைத் திறந்தாள். பிலிப்பைன்ஸ்காரனான கணவன் ரூடி தன் ஊர் முறையில் வினிகர் விட்டுச் சமைத்த பன்றிக்கறியை மறுபடி எல்லார் தட்டிலும் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தொட்டுக்கொள்ளக் கூழ் வேண்டியிருந்தது.

"என்ன மச்சான், எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து இத்தனை வருஷமாச்சு. உங்க கறியில இன்னும் வினிகர் வாடைதான் தூக்குது" என்றான் வெண்டல்.

"அதான் மூணு தட்டு காலி பண்ணினீங்களா?" என்றான் ரூடி.

சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு ரூடி, பழக்கத்தில், மூடியை எடுத்தான். நோஹேயா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் மூடியைத் துடைக்க எடுத்ததுபோல் துடைத்துவிட்டுக் கீழே வைத்தான்.

ஹினானோ, லாஸ் வேகஸில் கடல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான் வெண்டல். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வீர்கள் என்றாள். அவன் விரலை நனைத்து, கிண்ணத்தின் உட்புறத்தில் ஒட்டியிருந்ததை மெல்ல வழித்து நடுவில் சேர்த்தான்.

சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து அவன் கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. எப்போது தீரும் என்று பார்க்கிறான் என நோஹேயா நினைத்தாள்.

தீர்ந்தது. அடியில் மரம் தெரிந்தது.

குளிர்பெட்டியில் வேறு இல்லை. நாளைக்கென்று வைத்திருந்ததையும் எடுத்தாகிவிட்டது. கடையில் கூழ் வந்தால் காலையிலேயே விற்றுப்போகும்.

போட வேண்டியதை நாமே போடுவோம் என்று அவள் மூடியைக் கையில் எடுத்தாள்.

"பொறு" என்றான் வெண்டல்.

எழுந்து வெளியே போனான். வாடகைக் காரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்க் கை கழுவு என்று ஹினானோவிடம் சொன்னாள் நோஹேயா. அவள் போகவில்லை. ரூடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பையில் ஹினானோவுக்கு டெனிஸ் அனுப்பிய துணிமணி இருக்கும். அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவான். நோஹேயா மூடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெண்டல் திரும்பி வந்தான். இரண்டு கையிலும் ஐஸ் தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் பைகள். உள்ளே ஊதா நிறத்தில் புதுக் கூழ். விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் சீட்டு அவற்றின்மேல் ஒட்டியிருந்தது. இறங்கியதும், இந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, வாங்கியிருக்கிறான்.

ஒரு பையின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மேலிருந்து கீழாகப் பிதுக்கிக் கிண்ணத்தை நிரப்பினான். இன்னொன்றைப் பிரிக்காமல் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டு முடிச்சதும் பேசிடறேன்னு டெனிஸுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "அவளும் நம்ம ஹவாய்ல ஹீலோக்காரிதான் நோஹேயா. நீ கிண்ணத்தை மூடவே இல்லன்னு நான் சொன்னா, மேல கேக்க மாட்டா."