டிராகன் ஏன் குனிந்தது?

படாரென்று கதவு திறந்தது. நோயாளியின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்த பல் டாக்டர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். வந்தது அவர் மனைவி. கையில், நாலு பாகத்தோடு நின்றுபோன அந்த டிராகன் நாவலின் முதல் பாகம்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம்! ராஜ ரத்தத்துக்கு மட்டும்தான் டிராகன் தலை குனியும். இங்கே சமையல்காரனுக்குக் குனியுது. அப்போ அவன்தானே நிஜ இளவரசன்?"

"அவன் கையில கறி இருந்துச்சு, குனிஞ்சுது. போம்மா, வேலை இருக்கு."

"செத்துப்போன இளவரசனுக்கு ஒரு தடவையாவது குனிஞ்சுதா? அவன்தான் நிஜ இளவரசன்னு காலையிலேர்ந்து கத்துறீங்களே, இதுக்குப் பதில் சொல்லுங்க!"

"எழுதினவனைப் போய்க் கேளு!" டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "எட்டு வருஷமா அஞ்சாம் பாகத்தைக் காணோம். எங்கப்பா முடிவு தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அந்த ஆள் மட்டும் இந்த நாற்காலியில உட்காரட்டும், மரத்துப்போற ஊசியே போடாம அத்தனை பல்லையும் பிடுங்கிடறேன்!"

வாயில் பஞ்சு திணித்திருந்த நோயாளி, "ஆ... ஆ..." என்று கையை ஆட்டினார்.

"வலிக்குதா சார்?" டாக்டர் பஞ்சை எடுத்தார்.

நோயாளி துப்பிவிட்டு, டாக்டரை விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்து, அவர் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அந்தச் சமையல்காரன் விஷயத்தை இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்கம்மா. கதையை எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம எட்டு வருஷமா முழிச்சுக்கிட்டு இருக்கேன்!"